1978 சி10 பின்பக்கம்: பட்டையைத் திருப்பவா, ஃபோர் லிங்க்கா, ட்ரக் ஆர்மா?

சதுரவண்டி_78

எல்லோருக்கும் வணக்கம். இருப்பது ஹூஸ்டன். வண்டி 1978 செவ்ரோலெட் சி10 பிக்கப், ஷார்ட் பெட் (பாரம் ஏற்றும் பின்தொட்டி குட்டையானது), 350 வி8, ஆட்டோ கியர். முன்பக்கம் வேலை முடிந்துவிட்டது. டிராப் ஸ்பிண்டிலும் (சக்கர அச்சை மேலே தள்ளி வைத்த பாகம்) உயரம் குறைந்த காயிலும் போட்டு 4 இஞ்ச் இறக்கியாச்சு. பின்னால் இன்னும் கம்பெனியில் வந்த ஸ்ப்ரிங் பட்டைதான் (அடுக்கிய இரும்பு இலைகள், லீஃப் ஸ்ப்ரிங்). தரையில் விழுந்த சாவியைக் குனிந்து தேடுகிறவன் மாதிரி நிற்கிறது வண்டி.

பின்னால் ஒரு 6 இஞ்ச் இறக்கணும். விசாரித்ததில் மூன்று வழி கிடைத்தது. பட்டையை அப்படியே வைத்து ஆக்ஸிலை அதன் மேலே ஏற்றும் ஃப்ளிப் கிட். பட்டையைத் தூக்கிவிட்டு காயில்ஓவரோடு (ஷாக்கைச் சுற்றிக் காயில் ஸ்ப்ரிங்) முக்கோண ஃபோர் லிங்க், அதாவது ஆக்ஸிலை நான்கு கம்பிகள் பிடித்திருக்கும் அமைப்பு. இல்லையென்றால் 1963 முதல் 1972 வரை வந்த சி10இல் இருந்த ட்ரக் ஆர்மைக் (ஆக்ஸிலிலிருந்து முன்னால் நீளும் இரண்டு கைகள்) கொண்டுவந்து இதில் பொருத்துவது.

என் ஓட்டம் இதுதான்: சனிக்கிழமைகளில் தோட்டத்துக்கு மல்ச் மூட்டை, அதிகபட்சம் 700 பவுண்ட் வரும். பொங்கலுக்கு பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குக் கரும்புக் கட்டு. மற்றபடி ஐ-45 ஹைவேயில் கால்வெஸ்டன் பக்கம் ஒரு சுற்று. காங்கிரீட் இணைப்பு ஒவ்வொன்றிலும் பின்பக்கம் துள்ளுவதுதான் இப்போது பெரிய தொல்லை. ரேஸ் எதுவும் கிடையாது. மிக் வெல்டர் இருக்கிறது, ஓரளவு வெல்டிங் வரும். மொத்தமாக 2,500 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். எதில் இறங்கலாம்?

காத்துப்பை

ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். ஃபோர் லிங்க், கூடவே ஏர் பேக் (ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்றுப் பை). பார்க்கிங்கில் பட்டனைத் தட்டினால் பெட் தரையில் உட்காரும். மல்ச் ஏற்றும்போது காற்றை ஏற்றிக்கொள்ளலாம். பட்டை எல்லாம் மாட்டு வண்டியோடு போச்சு.

பட்டறை_டெக்சாஸ்

தம்பி, பிழைப்புக்கே நான் செய்வது இந்த வேலைதான். மூன்றில் எது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போ. ஆக்ஸில் குழாயின் மேல்பக்கத்திலிருந்து ஃப்ரேமின் அடிப்பக்கம் வரை அள. அந்த அளவில் 6 இஞ்சைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உன் சக்கரம் மேலே வர இருக்கும் இடம். அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

இப்போது பாரத்தைப் போட்டுப் பார். 700 பவுண்ட் முழுக்கப் பின் ஆக்ஸில் மேலேயே விழுகிறது என்று வைத்துக்கொள். சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு ஸ்ப்ரிங் ரேட் (ஒரு இஞ்ச் அமுங்கத் தேவையான பாரம்) 200 பவுண்ட் என்றால் இரண்டும் சேர்ந்து இஞ்சுக்கு 400. ஆக, வண்டி நின்ற இடத்திலேயே 1.75 இஞ்ச் அமுங்கும். அதற்கு மேல் ஐ-45 குழியில் இன்னும் இரண்டு இஞ்சாவது அசைய வேண்டும். அப்படியானால் வெறும் வண்டியில் பம்ப் ஸ்டாப்புக்கும் (ஆக்ஸில் ஃப்ரேமில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) ஆக்ஸிலுக்கும் நடுவே 4 இஞ்ச் தேவை. அது இல்லாத வண்டியில் எத்தனை ஆயிரம் டாலர் காயில்ஓவர் போட்டாலும் ரப்பர் மேல்தான் ஓட்டிக்கொண்டிருப்பாய். அதனால் எந்த வழியில் போனாலும் ஃப்ரேமில் சி-நாட்ச் (ஆக்ஸில் ஏறி வர இடம் விடும் சி வடிவப் பள்ளம்) வெட்டியே ஆகணும். அந்தச் செலவையும் வேலையையும் மூன்றுக்கும் பொதுவாக எழுதிவிட்டு, மீதிப் பணத்தில் யோசி.

ஃப்ளிப் கிட்: சில நூறு டாலரில் முடியும். ஆக்ஸில் ஹவுசிங்கின் அடியில் புது சேடில் (பட்டை பொருந்தும் தாங்கி) வெல்ட் வைக்கணும், அவ்வளவுதான். ஆனால் பட்டை அதே பட்டை. நீ சொல்லும் துள்ளலில் பாதி, துருவேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்ட இலைகளால் வருவது. பட்டையைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டு, இலைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் லைனர் வைத்து, ஷேக்கிள் புஷ் (பட்டையின் முனையைத் தாங்கும் கொக்கியின் ரப்பர்) மாற்றினாலே ஆள் மாறிவிடும். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள், விற்பதற்குப் பெட்டி இல்லையே.

ஃபோர் லிங்க்: நல்ல கிட் நல்லதுதான். மலிவான கிட்டில் லிங்க் எல்லாம் குட்டையாக இருக்கும். மேல் லிங்க் இரண்டும் போதுமான அளவு விரிந்து நின்றால்தான் ஆக்ஸில் பக்கவாட்டில் ஆடாமல் இருக்கும். விரித்து வைத்தால் சைலன்சர் குழாய்க்கு வழி இருக்காது. ஹெய்ம் ஜாயின்ட் (ரப்பர் இல்லாத இரும்பு உருண்டை மூட்டு) போட்ட கிட் என்றால் ஹூஸ்டன் மழைக்கும் தூசிக்கும் சீக்கிரமே டக் டக் என்று பேச ஆரம்பிக்கும். ஏர் பேக் பற்றிக் காத்துப்பை மேலே சொன்னது அழகுக்குச் சரி. ஆனால் கம்ப்ரெசர், டேங்க், வால்வு, ஒயரிங் எல்லாம் சேர்த்தால் 2,500இல் கையைக் கடிக்கும்.

என் ஓட்டு ட்ரக் ஆர்முக்கு. நாலடி அளவுக்கு நீளமான இரண்டு கைகள். பின் முனையில் ஆக்ஸிலோடு யு-போல்ட்டில் இறுக்கிப் பிடித்திருக்கும், முன் முனையில் ஆளுக்கு ஒரு புஷ், ஆக்ஸில் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு. தேய்கிற இடம் மொத்தமே அவ்வளவுதான். காயில் அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துவிடும். 1972க்குப் பிறகு செவி பாரத்துக்காகப் பட்டைக்குப் போய்விட்டது, ஆனால் நாஸ்கார் கப் ரேஸ் கார்கள் இதே அமைப்பை 2021 சீசன் வரை விடவில்லை. 2022இல்தான் இண்டிபெண்டன்ட் பின்பக்கம் (இரண்டு சக்கரமும் தனித்தனியே அசைவது) வந்தது. உன் ஸ்கொயர்பாடிக்கென்றே (உன்னுடையது போன்ற சதுர உடம்பு சி10) செய்த கிட்டும் கிடைக்கிறது. ஜங்க்யார்டில் பழைய செட் கிடைத்தால் கிராஸ்மெம்பரையும் (கைகளின் முன்முனை மாட்டும் குறுக்குச் சட்டம்) சேர்த்து வாங்கு.

சதுரவண்டி_78

அண்ணே, நன்றி. அளந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன கதைதான், 6 இஞ்ச் போனால் விரல் நுழைய இடமில்லை. நாட்ச் உறுதி.

ட்ரக் ஆர்மில் ஒரு சந்தேகம். ஒரிஜினல் கை இரண்டு சி-சேனலை முதுகோடு முதுகு ஒட்டிச் செய்தது, பார்க்க ஐ மாதிரி இருக்கிறது. இங்கே ஒருவர் சதுரக் குழாயில் புதிதாகச் செய்த கைகளை விற்கிறார், பல மடங்கு பலம் என்கிறார். பார்க்கவும் அழகாக இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

மிச்சிகன்_மெக்

அண்ணா, அந்தக் கையில் உங்களுக்கு வேண்டியது பலம் மட்டும் இல்லை, முறுக்கும் வேண்டும். அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

இரண்டு கைகளும் முன்னால் போகப் போக நெருங்கும், பின்னால் இரண்டுமே ஆக்ஸிலோடு இறுகியிருக்கும். இடது சக்கரம் மேட்டில் ஏறி வலது சக்கரம் கீழேயே இருந்தால் ஆக்ஸில் சாயும். ஆக்ஸிலோடு இறுகிய கையும் கூடவே திரும்ப வேண்டும், ஆனால் முன் புஷ் அதை ஓரளவுக்குத்தான் விடும். மீதித் திருப்பத்தைக் கை தன் உடம்பிலேயே முறுக்கிக்கொண்டு வாங்குகிறது. ஐ வடிவம் மேலும் கீழும் வளையாது, முறுக்கினால் மட்டும் இணங்கும். ஏறக்குறைய அதே அளவில் மூடிய சதுரக் குழாய் எடுத்தால் முறுக்குக்கு எதிரான விறைப்பு பல பத்து மடங்கு ஏறிவிடும். அப்போது உங்கள் பின் ஆக்ஸில் முழுவதும் ஒரு தடித்த ஆன்டி-ரோல் பாராக (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) வேலை செய்யும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது வண்டி வெட்டி ஆடும். கை தாங்கினாலும் அது பிடித்திருக்கும் பிராக்கெட்டில் விரிசல் விழும். ஒரிஜினல் கையின் திறந்த பக்கத்தில் தகடு வைத்து மூடி "வலுப்படுத்துவது" என்றொரு பழக்கம் இருக்கிறது, அதுவும் இதே வகைதான்.

குழாய்க் கை கூடாது என்று இல்லை. முன் முனையில் எல்லாப் பக்கமும் திரும்பும் ஜாயின்ட் இருந்தால் பரவாயில்லை. சாதாரண பாலியூரித்தேன் புஷ் என்றால் விட்டுவிடுங்கள். பழைய ஐ கையை வாங்கினால் இரண்டு சேனலும் ஒட்டும் கோட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே துரு பொங்கினால் அந்த இடம் உப்பி நிற்கும்.

பான்ஹார்ட் ராடைப் பற்றி மேலே பட்டறை அண்ணா ஒரே சொல்லில் கடந்துவிட்டார். பழைய சி10இல் அது குட்டை. கணக்குக்கு 24 இஞ்ச் என்று வையுங்கள். வண்டி நிற்கும்போது ராடு மட்டமாக இருந்தால், ஆக்ஸில் 3 இஞ்ச் மேலே வரும்போது பக்கவாட்டில் நகர்வது 0.19 இஞ்ச். உட்காருபவருக்குத் தெரியாது. அதே ராடு, வண்டியை இறக்கியதால் ஏற்கெனவே ஒரு முனை 4 இஞ்ச் உயர்ந்து சாய்ந்து நிற்கிறது என்றால், அதே 3 இஞ்ச் அசைவுக்கு நகர்வது 0.71 இஞ்ச். ஒவ்வொரு இணைப்பிலும் பின்பக்கத்தை யாரோ இடித்துத் தள்ளுவதாகத் தோன்றும். அதனால் நீளமான, அட்ஜஸ்ட் செய்யும் ராடு வாங்கி, ஃப்ரேம் பக்க பிராக்கெட்டை நீங்கள் ஓட்டப்போகும் உயரத்தில் மட்டமாக வருமாறு வையுங்கள். கிட்டில் இருக்கும் ஓட்டையை நம்பாதீர்கள்.

காத்துப்பை

சரி, பையை விடு. ஆனால் ட்ரக் ஆர்மிலும் காயில் இருக்கிற இடத்தில் பை உட்காரும், பின்னால் ஆசை வந்தால் போட்டுக்கோ.

பட்டறை_டெக்சாஸ்

மிச்சிகன் தங்கச்சி சொன்னதில் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. காத்துப்பை சொன்னதும் சரிதான். கூர்மையான விளிம்பும் சைலன்சரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி வேலை முறை. பினியன் (ஆக்ஸிலில் டிரைவ் ஷாஃப்ட் இணையும் மூக்கு) கோணத்தைக் கடைசியில் வை. கை ஆக்ஸிலோடு இறுகியிருப்பதால், வண்டியை இறக்கினால் கையின் பின்முனை ஃப்ரேமை நோக்கி ஏறும், பினியன் மூக்கு கீழே குனியும். கைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு ஷிம் வைத்துச் சரிக்கட்டு. கியர்பாக்ஸ் பின்முனை எத்தனை டிகிரி என்று டிஜிட்டல் மட்டத்தில் பார், பினியன் அதற்கு இணையாக வரட்டும். டிரைவ் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் இரண்டு கிராஸும் (யு-ஜாயின்ட்) தனித்தனியே 3 டிகிரிக்குள் வேலை செய்தால் அதிர்வு வராது. எல்லாமே வண்டி தன் சக்கரத்தில், ஓட்டும் உயரத்தில் நிற்கும்போது. ஃப்ரேமை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அளக்காதே. டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் கூடுதலாக நுழைந்திருக்கும், ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள் சறுக்கும் அதன் முன்முனை) போய் முட்டுகிறதா என்று ஆக்ஸிலைப் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றிப் பார்.

நாட்சை ஃப்ரேமின் அடிப்பக்கத்திலிருந்து வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்க ஃப்ரேமுக்கும் அடியில் முட்டுக் கொடு. தகட்டின் ஓரங்களில் மேலிருந்து கீழ் நேர்க்கோடாக வெல்ட் இழுக்காதே, விரிசல் அந்த வழியாகத்தான் ஓடும். சாய்வாக வெட்டின தகடு வாங்கு. கைக்கு வராது என்று தோன்றினால் போல்ட் போடும் நாட்ச்சும் இருக்கிறது, கிரேட் 8 (அதிக பலமான) போல்ட்டோடு, வெட்கப்பட ஒன்றுமில்லை. 2025 ஜனவரியிலிருந்து நம் மாநிலத்தில் தனியார் வண்டிக்கு சேஃப்டி இன்ஸ்பெக்ஷனே கிடையாது. உன் வெல்டை வேறு யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

சதுரவண்டி_78

முடிவு செய்துவிட்டேன்: ஐ வடிவக் கை, நீள பான்ஹார்ட், போல்ட் நாட்ச். காயில் மட்டும் இரண்டு செட் பார்த்து வைத்திருக்கிறேன். பட்டையின் முன் பிராக்கெட்டின் ரிவெட்டை கிரைண்டர் போட்டு எடுக்கலாமா, டார்ச்சா? பெட் கழற்றிவிட்டேன்.

பட்டறை_டெக்சாஸ்

இரண்டையும் கீழே வை. 78இல் பெட்ரோல் டேங்க் ஃப்ரேமுக்கு வெளிப்பக்கம் தொங்குகிறது, அந்த ரிவெட்டுக்கு மிகவும் பக்கத்தில். முதலில் டேங்க்கை இறக்கி வெளியே கொண்டுபோ, பாதி காலி என்பதெல்லாம் கணக்கில் வராது, ஆவிதான் ஆபத்து. இரண்டு டேங்க் வண்டி என்றால் இரண்டும். அதற்கப்புறம் கிரைண்டரில் ரிவெட் தலையைச் சீவி, நடுவில் துளை போட்டு, பஞ்ச் வைத்து அடி. டார்ச் வேண்டாம், ஃப்ரேம் இரும்பைச் சூடாக்க எந்தக் காரணமும் இல்லை. டேங்க் கீழே இருக்கும்போதே ஃபில்லர் ஹோஸையும் புதிதாக மாற்று. காயிலில் எது என்று கேட்டால், மூட்டையை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லு, பம்ப் ஸ்டாப்புக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று அளவோடு.