புதுப்பிப்பு: மஞ்சக்குப்பம் மாடித்தோட்டம் இப்போ எப்படி இருக்கு

போன பதிவுல, கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க மொட்டைமாடியில மருந்தடிக்காம காய்கறி போடலாம்னு இருக்கோம், போர் தண்ணி உப்பா இருக்கே வருமான்னு கேட்டிருந்தேன்ல, யோசனை சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நல்லாவே வந்துருச்சு! ஆடிப்பட்டத்துல போட்ட வெண்டை, கத்திரி, கொத்தவரை எல்லாம் காய்க்குது, கீரைய கேக்கவே வேணாம், வெதச்சு மூணு நாலு வாரத்துல அறுத்துடலாம்.

தண்ணிக்கு, அரிசி களைஞ்சது காய் கழுவுனதுன்னு எல்லாத்தையும் டிரம்ல சேத்து ஊத்துறோம், மழை பேஞ்சா அதையும் புடிச்சுக்கறோம். மண்ணுல தேங்கா நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, அவ்ளோதான்.

நடுவுல வெண்டையில வெள்ளை ஈ வந்துச்சு, மஞ்சள் நரம்பு நோயப் பரப்புறதே அதுதான், அதனால ஈ வந்து ஒட்டிக்கட்டும்னு மஞ்ச அட்டையில வெளக்கெண்ணெய் தடவி செடி உசரத்துக்குக் கட்டிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்பு கரைசலோட கலந்து சாயங்காலமா அடிச்சோம், நல்லா அடங்கிருச்சு. செடி நல்லா வளர பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேத்துப் புளிக்க வெச்சது) 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி கலந்து அடிக்கிறோம்.

எனக்குப் பெரிய சந்தோஷம் பிள்ளைங்கதான். வெண்டைக்காய தட்டுல ஒதுக்கி வெச்ச சின்னவ, இப்போ எங்க அத்தை சொல்லிக் குடுத்தபடி நுனிய ஒடிச்சுப் பாத்து, டக்குனு ஒடிஞ்சா இளசுன்னு அங்கேயே பச்சையா கடிக்கிறா. அத்தையும் காலையில அவளோட மாடிக்கு வந்துடறாங்க.

அடுத்து ஐப்பசி மழை, செடி வெச்சிருக்கற பைங்கள எல்லாம் செங்கல் மேல தூக்கி வெச்சு அடியில ஓட்டையப் பாத்துக்கணும், இல்லன்னா வேர் அழுகிடும். ரெண்டு வெண்டைச் செடிய விதைக்குன்னே முத்த விட்டிருக்கேன், பக்கத்துல இருக்கறவங்க கேளுங்க, தரேன்.