பிசிஓடி, தைராய்டு ரெண்டும் இருக்கு, 3 வருஷமா குழந்தைக்கு ட்ரை பண்றோம், இயற்கை மருத்துவம் மட்டும் போதுமா?

நெல்லைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 31, கல்யாணமாகி 3 வருஷம் ஆச்சு. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கு, பீரியட்ஸ் 45 நாள் ஆகும், சில சமயம் 60 நாள் கூட ஆயிடும், வெயிட் 74 கிலோ, தைராய்டுக்கு தினமும் மாத்திரை போடறேன். ஒவ்வொரு தடவ நாள் தள்ளிப்போறப்பவும் ஆசையா டெஸ்ட் பண்ணி, ஒத்தக் கோடு மட்டும் வந்ததும் பாத்ரூம்லயே உக்காந்து அழுதுட்டுத்தான் வெளிய வருவேன். ஊருக்குப் போனா விசேஷம் ஏதும் இல்லையான்னு கேக்காத ஆளே இல்ல. போன மாசம் அத்தை சொன்னாங்கன்னு ஒரு இயற்கை வைத்திய முகாமுக்குப் போனோம், 48 நாள் சமைக்காத சாப்பாடு, வயித்துல மண் பட்டி (ஈர மண்ணத் துணில மடிச்சு வைக்கிறது), இடுப்புக் குளியல், காலைல வெந்தயத் தண்ணி, இதெல்லாம் சரி, செய்யலாம்னு தோணுச்சு, ஆனா தைராய்டு மாத்திரை உள்பட எல்லாத்தையும் நிறுத்தினாதான் கழிவு வெளியேறும்னு சொல்லிட்டாங்க. நிறுத்த பயமா இருக்கு. அவருக்கு இதுவரைக்கும் ஒரு டெஸ்ட்டும் எடுக்கல, அத்தை வேண்டாம்னுட்டாங்க. யாராவது இப்படி இயற்கை முறைல போய் கன்சீவ் ஆகியிருக்கீங்களா?

மாடித்தோட்டம்:
சிஸ் தயவுசெஞ்சு தைராய்டு மாத்திரைய நிறுத்தாதீங்க, நிறுத்தினா டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைஞ்சா ஏறுற ஹார்மோன்) ஏறி பீரியட்ஸ் இன்னும் தள்ளும், கரு நின்னாலும் கலைய வாய்ப்பு கூடும். நானும் பிசிஓடிதான், இயற்கை மருத்துவம் பார்த்தேன், ஆனா லேடி டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டே பார்த்தேன். நான் போனது சென்னை அரும்பாக்கத்துல இருக்கிற அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அங்க யாரும் மாத்திரைய நிறுத்தச் சொல்லல, முதல்ல என் ரிப்போர்ட் எல்லாத்தையும் வாங்கிப் பார்த்தாங்க. மண் பட்டி போட்டா அடிவயிறு சில்லுனு ஆகி அப்படியே தூக்கம் வரும், அதனால கருமுட்டை வளர்ந்துச்சான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனா பல மாசம் கழிச்சு நல்லாத் தூங்கினேன். எனக்கு உண்மையா மாத்தம் தெரிஞ்சது சாப்பாட்டுலயும் நடையிலயும்தான். ராத்திரி டிஃபன 7 மணிக்குள்ள முடிச்சேன், வெள்ளை அரிசிய பாதியாக்கி பக்கத்துல ஒரு பெரிய கப் காய் வச்சேன், சுண்டல், முளைகட்டின பயறு, கீரை, டீல சர்க்கரைய விட்டேன், தினமும் 45 நிமிஷம் நடந்தேன். பிசிஓடில இன்சுலின் கூடிப்போறதுதான் பலருக்கு முட்டை வெளிவர்றதத் தடுக்குது, உடம்பு எடைல 5 சதவீதம் குறைஞ்சாலே நிறைய பேருக்கு பீரியட்ஸ் சைக்கிள் திரும்பி வரும். உங்களுக்கு 74 கிலோன்னா 4 கிலோ போல, அவ்ளோதான், மலைச்சுடாதீங்க.

இன்னொண்ணு, 14வது நாள் சேரணும்னு எல்லாரும் சொல்வாங்க, அது 28 நாள் சைக்கிள் இருக்கிறவங்களுக்கு. முட்டை வெளிவந்து சுமார் 14 நாள் கழிச்சுதான் பீரியட்ஸ் வரும், அப்போ 45 நாள் சைக்கிள்னா 31வது நாள் பக்கம்தான் உங்க முட்டை வருது. வெள்ளைப்படுறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு இழுத்தா நூலா வந்தா அந்த நாட்கள்னு அர்த்தம். எனக்கு இத யாருமே சொல்லல, ஒரு வருஷம் தப்பான நாள்ல ட்ரை பண்ணிட்டு என்னை நானே திட்டிட்டு இருந்தேன்.

திருப்பூர்க்காரன்:
தங்கச்சி, முதல்ல உங்க வீட்டுக்காரருக்கு செமன் அனாலிசிஸ் (விந்து டெஸ்ட்) எடுங்க. என் மனைவிய நாலு வருஷம் கஷாயம், லேகியம், விரதம்னு படுத்தி எடுத்துட்டோம், கடைசில பார்த்தா எனக்குத்தான் கவுண்ட் கம்மி. அவ ஒரு வார்த்தை என்னைக் கேக்கல, அதை நெனச்சா இப்பவும் எனக்கு தொண்டை அடைக்குது. சாதாரண டெஸ்ட்தான், 2லேர்ந்து 7 நாள் சேராம இருந்துட்டு சாம்பிள் குடுக்கணும், அவ்ளோதான். நான் சாயப்பட்டறைல சூட்டுல நிக்கிற ஆளு, சிகரெட் வேற. விதைப்பை உடம்பு சூட்ட விட 2, 3 டிகிரி குறைவா இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு, சிகரெட்ட விட்டேன், இறுக்கமான ஜட்டிய விட்டேன், வேலைய வேற பக்கம் மாத்திக்கிட்டேன். புது விந்தணு உருவாக ரெண்டரை மூணு மாசம் ஆகும், அதனால ஒரு மாசத்துல ரிசல்ட் பார்த்து மனசு விடக்கூடாது. இப்ப பையனுக்கு ரெண்டு வயசு. அத்தைகிட்ட உங்க வீட்டுக்காரரே பேசட்டும், நீங்க பேச வேண்டாம்.

தாமரை:
நான் சொல்றது கசப்பா இருக்கும். எனக்கு 34 வயசுல ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் இயற்கை வைத்தியம் மட்டும்தான் பண்ணேன், நல்லா 8 கிலோ குறைஞ்சேன், பீரியட்ஸ் 30 நாளுக்கு டாண்ணு வந்துச்சு, ஆனா கரு நிக்கல. அப்புறம் ஹெச்எஸ்ஜி (கருக்குழாய் எக்ஸ்ரே) எடுத்தப்போ ரெண்டு டியூபும் அடைப்பு. எத்தனை மண் பட்டி போட்டாலும் அந்த அடைப்பு திறக்காது. ஒரு வருஷம் ட்ரை பண்ணி வரலன்னா ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கணும், 35 தாண்டினா ஆறு மாசம்தான் வெயிட் பண்ணணும். உங்களுக்கு 3 வருஷம் ஆயிடுச்சும்மா. இப்ப ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் பேபி) ட்ரீட்மென்ட்ல போய்ட்டிருக்கேன், அந்த ரெண்டு வருஷத்த யாராலயும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

பிஎன்ஒய்எஸ் படிச்சவ:
நான் இயற்கை மருத்துவர், அஞ்சரை வருஷம் இதையே படிச்சவ. தைராய்டு மாத்திரைய நிறுத்துன்னு சொன்ன இடத்துக்கு மறுபடி போகாதீங்க. மாத்திரைய வெறும் வயித்துல சாதாரணத் தண்ணில போட்டு, வெந்தயத் தண்ணி, காபி எதுவா இருந்தாலும் ஒரு மணி நேரம் கழிச்சு குடிங்க, கால்சியம், அயன் மாத்திரை போட்டா 4 மணி நேரம் இடைவெளி விடுங்க. ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம் இப்பவே டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிங்க, கரு உருவாகி முதல் 28 நாளுக்குள்ள குழந்தையோட நரம்புக்குழாய் மூடிடும், நிறைய பேருக்கு கர்ப்பம்னு தெரியறதுக்குள்ளயே அது நடந்து முடிஞ்சிருக்கும், கீரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இடுப்புக் குளியல், மண் பட்டி பீரியட்ஸ் சமயத்துல வேண்டாம், நாள் தள்ளிப்போனா எல்லாத்தையும் நிறுத்திட்டு முதல்ல டெஸ்ட் பாருங்க. 48 நாள் சமைக்காத சாப்பாடு உங்களுக்குத் தேவையே இல்ல. பத்த கோணாசனம் (பட்டாம்பூச்சி ஆசனம்), பிராமரி (வண்டு மாதிரி ரீங்காரம் பண்ற மூச்சுப்பயிற்சி) ரெண்டும் தினம் பண்ணலாம், பிராமரி பண்ணா மனசு அடங்கும், அது உங்களுக்கு இப்ப ரொம்ப முக்கியம்.

நெல்லைப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, திருப்பூர் அண்ணா எழுதினத அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு சனிக்கிழமை லேபுக்குப் போலாம்னு அவரே சொன்னாரு. மாத்திரைய நிறுத்தல. இன்னிக்கு சைக்கிள்ல 19வது நாள், மாடித்தோட்டம் அக்கா, நான் 26லேர்ந்தே கவனிக்க ஆரம்பிச்சா சரியா இருக்குமா?