சேரை விட்டு எழுந்தா மானிட்டர் அணையுது, அவசரம்

நள்ளிரவுக்_கோடர்:
வணக்கம். சேரை விட்டு எழுந்தா மானிட்டர் கறுப்பாயிடுது. ரெண்டு மூணு செகண்ட்ல தானா வந்துடும். சில சமயம் உட்காரும்போதும் இப்படி ஆகுது. சிபியு பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருக்கு, பாட்டுகூட நிக்கல. டிரைவர் புதுசா போட்டுப் பார்த்தாச்சு. நாளைக்குக் காலையில டெமோ. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

டெர்மினல்_தம்பி:
எந்த ஓஎஸ்? எந்த கார்டு? எச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளேபோர்ட்டா? நடுவுல டாக் ஏதாவது இருக்கா? ஒண்ணுமே சொல்லாம எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது. லினக்ஸ்னா அணையுற நேரத்துக் கெர்னல் லாகை எடுத்துப் போடுங்க.

மூத்த_பெண்டியம்:
தம்பி, நான் 486 காலத்துலேர்ந்து கம்ப்யூட்டர் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கேன். நாற்காலிக்கும் மானிட்டருக்கும் முடிச்சுப் போடுறதெல்லாம் காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எழுந்திருக்கும்போது உங்க கால் கேபிள்ல இடிக்குது, அவ்வளவுதான். இங்க கேட்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் தேடிப் பார்க்கப் பழகுங்க.

கரண்ட்_அக்கா:
பிளக் ரெண்டு பின்னா, மூணு பின்னா? வாடகை வீடுன்னா சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. கேபினட்டைத் தொட்டா சுருக்குன்னு இருக்கா? முதல்ல எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க.

நள்ளிரவுக்_கோடர்:
மூணு பின்தான். உபுண்டு லினக்ஸ். எச்டிஎம்ஐ, நீளமான கேபிள். கால் இடிக்க வாய்ப்பே இல்ல சார், கேபிள் சுவரோரமா போகுது.

டெர்மினல்_தம்பி:
உபுண்டுவா! அப்ப வேலண்ட்தான் காரணம், அதுல திரையில படம் காட்டுற சாஃப்ட்வேர். லாகின் ஸ்கிரீன்ல அதே வேலை செய்யுற பழைய எக்ஸ்11 இருந்தா, அதுக்கு மாத்திப் பாருங்க.

பிக்சல்_பிரியா:
நீங்க எழுந்தது வேலண்டுக்கு எப்படித் தெரியும் தம்பி?

சாலிடர்_அண்ணாச்சி:
கோடர், ரெண்டு கேள்வி. சேர் உயரத்தை ஏத்தி இறக்குற கேஸ் லிஃப்ட் சேரா? ரூம்ல ஏசி ஓடுதா?

நள்ளிரவுக்_கோடர்:
ஆமா, ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சாலிடர்_அண்ணாச்சி:
சம்பந்தம் இருக்கு. யுஎஸ்பி வழியா மானிட்டர் மாட்டுற சிப் செய்யுற டிஸ்ப்ளேலிங்க் நிறுவனத்தோட உதவிப் பக்கத்துலயே போட்டிருக்காங்க: கேஸ் லிஃப்ட் சேர்ல ஒருத்தர் உட்கார்ந்தாலோ எழுந்தாலோ மின்காந்த அதிர்வு கிளம்பலாம், அதை வீடியோ கேபிள் வாங்கிக்கிட்டா படம் போயிடும்னு.

விஷயம் இதுதான். குஷன்ல துணி உரசி, நாம எழுந்து பிரியும்போது மின்னேற்றம் ரெண்டு பக்கமும் தங்கிடும். சேர்ல இருக்கிற இரும்புப் பாகங்களுக்கு எர்த் கிடையாது, சக்கரம் பிளாஸ்டிக். அந்த இரும்புக்குள்ளயே சின்னதா ஒரு பொறி பாயும். கண்ணுக்குத் தெரியாது, கையில சுருக்குன்னும் இருக்காது. ஆனா பொறி பாயுற நேரம் ரொம்பக் குறைவுங்கிறதால, அது ரேடியோ அலையா வெளியே போகும். நீளக் கேபிள், ஷீல்டு (வெளி அலையைத் தடுக்கிற உலோக உறை) சரியில்லன்னா அதுவே ஆன்டெனா. மானிட்டர் சிக்னல் விட்டுப்போச்சுன்னு நினைச்சு மறுபடி முதல்லேர்ந்து பேச ஆரம்பிக்கும். உங்க ரெண்டு மூணு செகண்ட் அதுதான்.

மூத்த_பெண்டியம்:
நம்ம ஊர்ப் புழுக்கத்துல ஸ்டேட்டிக்கா? அதெல்லாம் குளிர் நாட்டுக் கதை.

சாலிடர்_அண்ணாச்சி:
சார், ஏசியிலேர்ந்து வெளியே குழாய்ல சொட்டுற தண்ணி ரூம் காத்துல இருந்ததுதானே. அப்ப உள்ள காத்து வறண்டுதானே போகும். ஸ்டேட்டிக் பத்தின கையேடுகள்ல ஒரு பழைய அட்டவணை வரும். ஃபோம் வச்ச நாற்காலிக்குக் காத்து வறண்டிருந்தா 18,000 வோல்ட், ஈரமா இருந்தா 1,500. குறைஞ்ச கணக்கே 1,500. உடம்புக்குத் தெரியுறதுக்கே சுமார் 3,000 வேணும், அதனாலதான் நமக்குச் சுருக்குன்னு படாமலே இது நடக்கும்.

கோடர், இன்னிக்கு ராத்திரி செலவில்லாம ஒண்ணு செய்யுங்க. அந்தச் சேரை அடுத்த ரூம்ல தள்ளிட்டு, மர ஸ்டூல்ல உட்கார்ந்து எழுந்து பாருங்க. அணையலன்னா சந்தேகம் சேர் மேலதான். அப்புறம் நல்ல ஷீல்டு உள்ள குட்டைக் கேபிளா, ரெண்டு முனையிலயும் இந்த மாதிரி இரைச்சலை அடக்குற ஃபெர்ரைட் உருளை இருக்கிறதா வாங்குங்க.

பிக்சல்_பிரியா:
இதைப் படிச்சதும் ராஸ்பெர்ரி பை 2ங்கிற குட்டி ஒற்றை போர்டு கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துடுச்சு! 2015ல வந்த புதுசுல, செனான் ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுத்தா போர்டு ரீஸ்டார்ட் ஆகும். யு16ன்னு ஒரு பவர் சிப், மேல பிளாஸ்டிக் உறை இல்லாத சிலிக்கான். வெளிச்சம் பட்டதும் உளறிடும். அது மேல ஒட்டுற களிமண் கொஞ்சம் அப்பி வச்சா சரியாயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச பக் அது.

மூத்த_பெண்டியம்:
பொம்மை போர்டு அப்படித்தான் இருக்கும்.

டெர்மினல்_தம்பி:
பொம்மையா? எங்க வீட்டு ஃபைல் சர்வர், விளம்பரத் தடுப்பு எல்லாம் ராஸ்பெர்ரி பைலதான் ஓடுது. கரண்ட் பில்லும் கம்மி. உங்க பழைய டவரை ஒரு மாசம் முழுக்க ஓட விட்டு பில்லைப் பாருங்க சார்.

மூத்த_பெண்டியம்:
எஸ்டி கார்டு செத்துப்போனா அப்ப வந்து பேசுங்க.

டெர்மினல்_தம்பி:
எஸ்எஸ்டியிலேர்ந்து பூட் பண்ணலாம் சார். கொஞ்சம் தேடிப் பார்க்கப் பழகுங்க.

பிக்சல்_பிரியா:
சண்டையை விடுங்க. ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில வருஷக்கணக்கா ஒரு விசித்திர சிக்னல் வந்துக்கிட்டிருந்துச்சு. 2015ல கண்டுபிடிச்சாங்க: யாரோ மைக்ரோவேவ் அடுப்பு நிக்கிறதுக்கு முன்னாடியே கதவைத் திறந்திருக்காங்க. அங்க இருந்தவங்க விஞ்ஞானிங்க. அவங்களும் நேரத்தைக் குறிச்சு வச்சுப் பார்த்துதான் அடுப்புகிட்ட வந்தாங்க. கோடர் எழுந்திருக்கிற நேரத்தைக் கவனிச்சதும் அதே வேலைதான். அதைக் காக்கா பனம்பழம்னு தள்ளுறது சரியில்ல சார்.

கரண்ட்_அக்கா:
எல்லாம் சரி. எர்த் பார்த்தாரான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? மானிட்டர் போனா வாங்கிக்கலாம்.

நள்ளிரவுக்_கோடர்:
ஸ்டூல்ல உட்கார்ந்தே டெமோ முடிஞ்சுது. ஒரு தடவைகூட அணையல. கேபிள் ஆர்டர் போட்டாச்சு. அண்ணாச்சிக்கு நன்றி!

சாலிடர்_அண்ணாச்சி:
மகிழ்ச்சி. கேபிள் வந்ததும் பழைய சேர்லயே உட்கார்ந்து ஏசி போட்டுப் பாருங்க. கேபிள் மாத்தினதே போதுமான்னு அப்பதான் தெரியும். மறக்காம இங்க எழுதுங்க.

கரண்ட்_அக்கா:
எர்த்?

விண்டோஸ்_வீரன்:
எனக்கும் இதே பிரச்சினை. கோடர் அண்ணே, கடைசில எந்தக் கேபிள் வாங்கினீங்க?