கருப்பு பெயின்ட்: சீலன்ட் மேல் எத்தனை கோட் வாக்ஸ் போடலாம்?

நிழல்தேடி:
கருப்பு செடான், பகல் முழுக்க வெயிலில்தான் நிற்கும். க்ளே பார் (ஒட்டின அழுக்கை எடுக்கிற களிமண் கட்டி) ஓட்டிட்டு பாலிமர் சீலன்ட் (பெயின்ட்டுக்கு மேல் போடுற செயற்கைக் காப்புப் பூச்சு) ஒரு கோட், ஒரு மணி நேரம் கழிச்சு கார்னௌபா (பனை வகை இலையில் எடுக்கிற மெழுகு) பேஸ்ட் வாக்ஸ், மறுநாள் அதே வாக்ஸ் இன்னொரு கோட். பானெட்டிலும் கூரையிலும் எண்ணெய் தடவின மாதிரி தீற்றல். துடைத்தால் இடம் மாறுதே தவிர போகலை. 4 வாரத்தில் பானெட்டில் தண்ணீர் முத்து நிற்கிறதும் நின்னு போச்சு, கதவுகளில் மட்டும் நிற்குது. இன்னும் 2 கோட் போட்டால் சரியாகுமா? கழுவுறது போர் தண்ணீரில்.

மைக்ரோஃபைபர்மணி:
போடாதீங்க. தப்பு கோட் எண்ணிக்கையில் இல்லை, அந்த ஒரு மணி நேரத்தில். சீலன்ட் பெயின்ட்டைப் பிடித்து இறுக பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும் (உங்க பாட்டில் லேபிளில் போட்டிருக்கிறதே கணக்கு). பேஸ்ட் வாக்ஸில் கரைப்பான் இருக்கு. இறுகாத சீலன்ட் மேல் தேய்த்ததும் அதையும் இளக்கி ரெண்டும் கலந்துடும். நீங்க பார்க்கிற தீற்றல் அதுதான்.

முதலில் நிழலில் ஷாம்பூ போட்டுக் கழுவி உலர்த்துங்க. 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, டிஸ்டில்ட் வாட்டர் 4 பங்கு கலந்து துணியில் தெளித்து, பானெட்டையும் கூரையையும் 2 அடிக்கு 2 அடியா துடைங்க. துணியை அடிக்கடி திருப்பணும், இல்லைன்னா எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுவீங்க. அப்புறம் அந்த ரெண்டு பேனலுக்கு மட்டும் சீலன்ட். புறங்கையை வைத்துப் பாருங்க, சூடு தெரிந்தால் அன்னிக்கு வேலையே வேண்டாம்.

முழு செடானுக்கு லிக்விட் சீலன்ட் 15–20 மில்லி தாராளம். அதுக்கு மேல் போடுறதெல்லாம் டவலுக்குத்தான் போகுது. காய்ந்ததான்னு பார்க்க விரலை ஒரு இழுப்பு இழுங்க: தடம் பளிச்சுன்னு இருந்தால் துடைக்கலாம், ஈஷினால் பொறுங்க. துடைத்த பிறகு ஒரு ராத்திரி மூடின இடத்தில் நிற்கட்டும், பனி படக்கூடாது. மறுநாள் வாக்ஸ்.

வரிசையை மட்டும் மாத்திடாதீங்க. வாக்ஸ் மேல் சீலன்ட் போட்டால் பிடிக்க பெயின்ட் கிடைக்காது, வாக்ஸோடு சேர்ந்து அதுவும் போயிடும்.

பழையகராஜ்:
மேலே சொன்னது சரி. ஆனா வாக்ஸ் கோட் என்பது சுவருக்கு டிஸ்டெம்பர் அடிக்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றா ஏறாது. ரெண்டாவது கோட் முதலாவதில் விட்டுப்போன இடத்தை மூடத்தான். மூணாவது வீண். டப்பாவில் 'கிளீனர் வாக்ஸ்'னு (அழுக்கை எடுக்கிற பொருளும் கலந்த வாக்ஸ்) இருக்கான்னும் பாருங்க. அப்படின்னா ஒவ்வொரு தடவையும் முந்தின கோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போட்டிருக்கீங்க.

பானெட் மட்டும் சீக்கிரம் போறதுக்குக் காரணம் சூடு. கார்னௌபா 82–86 டிகிரி செல்சியஸில் உருகும், அதுக்கு முன்னாடியே இளகிடும். கருப்பு பானெட்டுக்கு மேலே வெயில், கீழே எஞ்சின். அங்கே காப்பு சீலன்ட்தான், வாக்ஸ் பளபளப்புக்கு. வெளியில் நிற்கிற வண்டிக்கு என் கணக்கு: சீலன்ட் 3 மாசத்துக்கு ஒரு தடவை, வாக்ஸ் 5–6 வாரத்துக்கு ஒரு தடவை.

உப்புத்தண்ணி:
போர் தண்ணீரை யாரும் தொடலையே! முத்து நிற்கலைன்னா வாக்ஸ் போச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க, மேலே உப்புப் படலம் இருந்தாலும் தண்ணீர் படர்ந்துதான் நிற்கும். வெள்ளை வினிகரும் டிஸ்டில்ட் வாட்டரும் சம பங்கு, ஒரு நிமிஷம் ஊறவிட்டு நல்லா அலசுங்க. முத்து திரும்பினால் கோட் உயிரோடுதான் இருக்கு. வாரா வாரம் இதைச் செய்யாதீங்க, அமிலம் வாக்ஸையும் தின்னும்.

ரெண்டு வாளி வைங்க: ஷாம்பூவுக்கு ஒன்று, வண்டியைத் தேய்க்கிற கையுறையை அலச ஒன்று. பாத்திரம் கழுவுற லிக்விட் வேண்டாம். பேனலில் தண்ணீர் காயவே விடக்கூடாது. தினமும் காலையில் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுக்கிற ஆள் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்க. தூசியோடு தேய்க்கிற பழைய பனியன் சுழல் கீறல் போடும், கருப்பில் அது பளிச்சுன்னு தெரியும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல், ஈர டிஷ்யூ 3 நிமிஷம் போர்த்தி அப்படியே தூக்குங்க.

நிழல்தேடி:
நன்றி. ரெண்டு சந்தேகம். கருப்பு பிளாஸ்டிக் ஓரத்தில் வாக்ஸ் வெள்ளையாப் படிந்திருக்கு. இடது ஃபெண்டர் போன வாரம்தான் பெயின்ட் அடித்தது, அதுக்கும் போடலாமா?

மைக்ரோஃபைபர்மணி:
பிளாஸ்டிக்குக்கு வெள்ளைப் பென்சில் ரப்பர், அழுத்தாமல் தேய்த்தால் உருண்டு வந்துடும். அடுத்த தடவை ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க. ஃபெண்டருக்கு இப்போ எதுவும் வேண்டாம். புது பெயின்ட்டிலிருந்து கரைப்பான் வெளியேறிட்டே இருக்கும், சீலன்ட் போட்டு மூடினால் மங்கும். 30 முதல் 60 நாள் விடுங்க. பூத்தில் சூடு வைத்து உலர்த்தினாங்களா, காற்றில் காயவிட்டாங்களான்னு அடித்தவரிடம் கேளுங்க. காற்றில்னா 60 நாளே வைங்க.