ஏலத்துக்கு முன் மூன்று படைப்புகளைத் தேர்வு செய்ய உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் வரும் ஓவிய ஏலத்தின் கேட்லாக்கை நாலு நாளாகப் புரட்டுகிறேன். பிடித்ததைக் குறித்துக்கொண்டே போனதில் முப்பதைத் தாண்டிவிட்டது. மூன்றாகக் குறைக்க வேண்டும்.

மனம் போய் நிற்பது ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து எடுக்கும் அச்சு) ஒன்றில். பிள்ளையை அணைத்திருக்கும் அந்தத் தாயின் கைகளைப் பார்த்தபின் அடுத்த பக்கம் புரட்ட முடியவில்லை. ஆனால் 1945-இல் அவர் இறந்த பிறகும் அவருடைய தகடுகளிலிருந்து பிரதிகள் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்லாக்கில் அச்சான ஆண்டு இல்லை, பென்சில் கையெழுத்தும் இல்லை. அவர் வாழ்நாளில் அச்சானதா என்று தாளையும் கோடுகளின் கூர்மையையும் வைத்துச் சொல்ல முடியுமா? பழகியவர்கள் எதை முதலில் பார்ப்பீர்கள்?

அடுத்தது ஒரு நீர்வண்ண நிலக்காட்சி. முக்கால் தாளும் வானம்தான், அவ்வளவு அமைதி. ஆனால் தாளில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. படைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கையை ஏல நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன். சுத்தம் செய்யப்போய் வண்ணம் கரைந்துவிடுமோ என்றுதான் தயக்கம்.

அப்புறம், 12/75 (75 பிரதிகளில் 12-ஆம் எண்) என்று எண்ணிட்ட ஒரு லித்தோகிராஃப் (கல்லச்சு), ஒரு சின்ன மரச்செதுக்கு அச்சு. இரண்டில் ஒன்றுதான் முடியும். ஏலத்தில் கேட்ட விலைக்கு மேல், ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணமும் சேருமே. எண் சிறிதானால் அச்சு தெளிவாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் எண்ணிடும் வரிசையும் அச்சிட்ட வரிசையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லையே. எனக்கு மரச்செதுக்கின் பக்கம்தான் மனம் சாய்கிறது.

படங்களை இணைத்திருக்கிறேன். நீங்களாக இருந்தால் எந்த மூன்றை எடுப்பீர்கள், ஏன் என்று சொல்லுங்கள்.