‘நீ’யா ‘நீங்க’ளா? எங்கள் குடும்பக் குழுவில் அத்தையின் ஆய்வுச்சுருக்கம்

(மதன் செல்வி அத்தையின் மகன். அவன் ‘அம்மா’ என்று கூப்பிடுவது அத்தையைத்தான்.)

வெள்ளி, மாலை 6:12

கயல்: எல்லாருக்கும் வணக்கம். எங்க துறை நடத்துற கருத்தரங்கத்துக்கு ஆய்வுச்சுருக்கம் கேட்டு அறிவிப்பு வந்தாச்சு. கீழே போடுறேன். தெரிஞ்சவங்களுக்கு அனுப்பி விடுங்க.

கயல்: மொழி, இலக்கியம் சார்ந்த ஆய்வுச்சுருக்கங்கள் வரவேற்கப்படுகின்றன. மொழிபெயர்ப்பு, ஒப்பிலக்கியம், பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும், சொல்லாக்கம், வாய்மொழி இலக்கியம், கணினித் தமிழ் ஆகியவற்றில் எதைப் பற்றியும் எழுதலாம். 300 சொற்களுக்கு மிகக்கூடாது. ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துரு. ஐந்து திறவுச்சொற்கள். பெயரும் முகவரியும் தனித்தாளில் மட்டும். ஒவ்வொரு சுருக்கத்தையும் பெயர் அறியாத இருவர் மதிப்பிடுவர். ஆய்வாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தனி ஆய்வாளர்கள் என யாரும் அனுப்பலாம். கடைசி நாளுக்கு இன்னும் பதினைந்து நாள்கள் உள்ளன.

மதன்: என் நண்பர்கள் குழு ரெண்டுல போட்டுட்டேன்.

பெரியப்பா: அறிவிப்பு நன்றாக இருக்கிறது கயல். ‘நாள்கள்’ என்று சரியாகப் போட்டிருக்கிறாய். மகிழ்ச்சி.

நிலா: அக்கா, எம்.ஏ. படிக்கிறவங்க அனுப்பலாமா? இல்ல, பேருக்குத்தான் ‘மாணவர்கள்’னு போட்டிருக்கா?

கயல்: நிஜமாவே அனுப்பலாம் நிலா. மதிப்பிடறவங்களுக்கு நீ மாணவியா பேராசிரியரான்னு தெரியவே தெரியாது. கேள்வி நல்லா இருந்தா எடுத்துக்குவாங்க.

செல்வி அத்தை: தனி ஆய்வாளர்னா யாரு கயல்?

கயல்: எந்தக் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் சேராம, தானா படிச்சு ஆராயுறவங்க அத்தை.

செல்வி அத்தை: ஓ.

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கயல்: அத்தை, என்ன போட்டு எடுத்தீங்க?

செல்வி அத்தை: ஒண்ணுமில்ல. நம்ம நோட்டைப் பத்தி எழுத வந்தேன். அதெல்லாம் ஆராய்ச்சி ஆகாதுன்னு எடுத்துட்டேன்.

அம்மா: எந்த நோட்டு செல்வி? அந்த ரஷ்ய நாவலைப் படிச்சுப் படிச்சுக் குறிச்சு வெச்சியே, அதுவா?

செல்வி அத்தை: அதேதான் அண்ணி. ஒரே நாவலுக்கு ரெண்டு தமிழ் மொழிபெயர்ப்பு என்கிட்ட இருக்கு. ஒண்ணுல மனைவி கடைசி வரைக்கும் புருஷனை ‘நீங்கள்’னுதான் கூப்பிடுறா, அவன் அவளை ‘நீ’ங்கிறான். இன்னொண்ணுல பாதிக்கு மேல ரெண்டு பேரும் ‘நீ’. அதே பக்கம், அதே சண்டை. ஆனா முதல் புத்தகத்துல அவ கெஞ்சுறா, ரெண்டாவதுல அவ கேள்வி கேக்குறா. இத்தனைக்கும் வசனம் ஒண்ணுதான்! எந்த எந்த இடத்துல எப்படி மாறுதுன்னு பக்கம் போட்டு எழுதி வெச்சிருக்கேன். நாப்பது பக்கத்துக்கு மேல இருக்கும்.

கயல்: அத்தை!!!

கயல்: இதைத்தான் நாங்க தேடிட்டு இருக்கோம். அறிவிப்புல இருக்கிற ‘மொழிபெயர்ப்பு’ங்கிற ஒரு சொல்லுக்குள்ள இது அப்படியே உக்காருது.

பெரியப்பா: செல்வி, இதற்குத் தொல்காப்பியத்திலேயே இடம் இருக்கிறது. கிளவியாக்கம் என்ற இயலில் 27ஆம் நூற்பா. ஒருவரைப் பன்மையில் சொல்வது ‘வழக்கின் ஆகிய உயர்சொற் கிளவி’, அது ‘இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல’ என்கிறார். ஒருத்தரை மரியாதைக்காகப் பன்மையில் சொல்வது மக்கள் வழக்கில் வந்தது, இலக்கண நெறி அல்ல என்று பொருள். வழக்கில் இருப்பதை மறைக்காமல் பதிவும் செய்துவிட்டார்.

செல்வி அத்தை: அண்ணா, புறநானூற்றுல புலவர்கள் அரசனையே ‘நீ’, ‘நின்’னுதானே கூப்பிடுறாங்க?

பெரியப்பா: ஆமாம். அங்கே ‘நீ’ என்பதில் அவமதிப்பு துளியும் இல்லை. நாம் இன்று வாசிக்கும்போதுதான் திடுக்கிடுகிறோம். ‘நீங்கள்’ என்பதே பன்மையின் மேல் இன்னொரு பன்மை ஏறிய சொல். விவிலியத்தையும் பார். 1611இல் வந்த ஆங்கில விவிலியம் கடவுளை ‘தௌ’ என்கிறது. அது ஒருமை. தமிழில் ‘நீர்’, ‘உம்முடைய’ என்று வந்தது. ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை, நடுவில் ஒரு படி. தேவாரத்தில் பல இடங்களில் சிவன் ‘நீ’.

மதன்: ஆங்கிலத்துல ‘யூ’ ஒண்ணுதானே இருக்கு, அதான் மொழிபெயர்ப்பாளருக்குக் குழப்பம். இதுல ஆராய என்ன இருக்கும்மா?

கயல்: மதன், மூலம் ஆங்கிலம் இல்லையே. ரஷ்ய மொழியில நம்ம மாதிரியே ரெண்டு உண்டு. ‘தி’ன்னா நீ, ‘வி’ன்னா நீங்கள். பிரெஞ்சுல ‘தூ’, ‘வூ’. ஜெர்மன்ல ‘தூ’, ‘ஸீ’. ஆங்கிலத்துலயும் ‘தௌ’ இருந்துச்சு, பொது வழக்குல 17ஆம் நூற்றாண்டுல மங்கிப் போச்சு. அத்தை வெச்சிருக்கிற புத்தகம் ஆங்கிலம் வழியா தமிழுக்கு வந்திருந்தா என்ன ஆகும்னு யோசி. ரஷ்யன்ல இருந்த வித்தியாசம் ஆங்கிலத்துல அழிஞ்சுடும். தமிழ்ல மறுபடி வேணும். அழிஞ்சதை மொழிபெயர்ப்பாளர் தன் மனசுல இருந்து எடுத்துத்தான் நிரப்பணும். எதை வெச்சு நிரப்பினார்? மனைவின்னா ‘நீங்கள்’தான் சொல்லணும்னு அவரே முடிவு பண்ணினாரா? இதுதான் கேள்வி.

மதன்: அட. இப்ப புரியுது.

நிலா: அக்கா, டால்ஸ்டாயோட ‘அன்னா கரேனினா’ நாவல்ல இதைப் பத்தியே ஒரு வரி வரும்! வகுப்புல சொன்னாங்க. 2ஆம் பாகம், 22ஆம் அத்தியாயம். அன்னாவோட காதலன் விரான்ஸ்கி அவகிட்ட எப்பவும் பிரெஞ்சுல பேசுவான். ஏன்னா ரஷ்யன்ல ‘வி’ன்னா அவங்களுக்கு நடுவுல தாங்க முடியாத குளிர்ச்சி, ‘தி’ன்னா ஆபத்து. ரெண்டையும் தவிர்க்கத்தான் வேற மொழிக்கே போயிடுறான்.

பெரியப்பா: அருமை நிலா.

செல்வி அத்தை: இரு இரு. தவிர்க்கிறதுக்கு வேற மொழிக்குப் போறானா? தமிழ்ல அதுக்கு வேற மொழியே வேண்டாமே! ‘வந்தாச்சா?’, ‘எப்ப வந்தது?’, ‘எழுதணும்’, ‘தெரியுமா?’ இப்படிப் பேசினா ‘நீ’யும் வேண்டாம் ‘நீங்க’ளும் வேண்டாம். மரியாதை எந்த அளவுன்னு தீர்மானிக்க முடியாத ஆள்கிட்ட நாம இப்படித்தானே பேசுறோம். என் ரெண்டாவது புத்தகத்துல ஒரு அத்தியாயம் பூரா அந்த மொழிபெயர்ப்பாளர் இதைத்தான் பண்ணியிருக்கார். எனக்கு அது ஏன்னு இப்பத்தான் விளங்குது.

கயல்: அத்தை, இதை அப்படியே எழுதி வையுங்க. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல.

அம்மா: எழுது செல்வி. நோட்டைப் பெட்டியிலயே வெச்சிருந்தது போதும்.

சனி, காலை 9:40

மதன்: ஒரு விஷயம் கேக்கணும். அம்மா அனுப்புறதுக்கு முன்னாடி கேட்டுடுறேன். போன வருஷம் எனக்கு ஒரு கருத்தரங்க அழைப்பு வந்து, ரெண்டே நாள்ல ‘ஏற்கப்பட்டது’ன்னு பதில் வந்துச்சு. பணம் கட்டினேன். நிகழ்ச்சியே நடக்கல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கயல்: வருத்தமா இருக்கு மதன். ரெண்டு நாள்ல ஏற்பு வந்தாலே யாரும் படிக்கலைன்னு அர்த்தம். பொறியியல், மருத்துவம், இலக்கியம் எல்லாம் ஒரே கருத்தரங்கத்துல இருந்தாலும் சந்தேகப்படணும். கருத்தரங்கக் குழுவுல பேர் போட்டிருக்கிறவங்களுக்கு நேரா எழுதிக் கேக்கலாம். பல நேரம் அவங்களுக்கே தெரியாம பேரைப் போட்டிருப்பாங்க. 2005ல அமெரிக்காவுல இருக்கிற எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் மூணு பேர், அர்த்தமே இல்லாத கட்டுரையைத் தானா உருவாக்குற நிரல் எழுதி, அது துப்பின கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினாங்க. ஏத்துக்கிட்டாங்க! அதனால கேள்வி கேக்கத் தயங்கக் கூடாது. எங்ககிட்டயும் கேளு.

மதன்: சரி, கேக்குறேன். யார் மதிப்பிடுவாங்க? நீயா?

கயல்: அத்தையோடதை நான் தொடவே மாட்டேன். உறவுன்னு குழுத் தலைவருக்கு இன்னைக்கே எழுதிடுவேன். இங்க நான் சொல்றது அண்ணன் மகளா மட்டும்தான். எழுதுறது முழுக்க அத்தை.

செல்வி அத்தை: எழுதிட்டேன். போடவா?

செல்வி அத்தை: “உலகில் மொழிகள் பல. மொழி என்பது கருத்தைப் பரிமாறும் கருவி. பழங்காலம் முதல் மனிதன் மொழியால் தன் எண்ணங்களை வெளிப்படுத்தி வந்துள்ளான். மொழிபெயர்ப்பு என்பது ஓர் அரிய கலை. அக்கலையில் தமிழ் பல சிறப்புகளைப் பெற்றுள்ளது...” இப்படி ஆரம்பிச்சு 280 சொல் வந்திருக்கு.

கயல்: அத்தை, மனசுல பட்டதைச் சொல்லவா? இது யார் வேணா எழுதலாம். நேத்து ராத்திரி இங்க எழுதினதை உங்களைத் தவிர யாரும் எழுத முடியாது. ‘அதே பக்கம், அதே சண்டை, முதல் புத்தகத்துல கெஞ்சுறா, ரெண்டாவதுல கேள்வி கேக்குறா.’ அதுல இருந்து ஆரம்பிங்க. மதிப்பீட்டாளர் முன்னாடி நூறு சுருக்கம் இருக்கும். முதல் மூணு வரிக்குள்ள உங்க கேள்வி தெரியணும்.

பெரியப்பா: ‘பண்டு தொட்டு’ என்று தொடங்கும் கட்டுரைகளை வாழ்நாள் முழுக்க மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம் தொடங்கும். கயல் சொல்வது சரி.

நிலா: அத்தை, ஒரு சந்தேகம். மூலத்துல எங்க ‘தி’, எங்க ‘வி’ன்னு தெரிஞ்சாத்தானே எந்த மொழிபெயர்ப்பு மூலத்துக்குக் கிட்டன்னு சொல்ல முடியும்? உங்களுக்கு ரஷ்யன் தெரியாதே.

செல்வி அத்தை: அதுதான் கண்ணு எனக்கும் உறுத்துது.

கயல்: நல்ல கேள்வி நிலா. மதிப்பீட்டாளரும் இதைத்தான் முதல்ல கேப்பாங்க. அத்தை, நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டுதானே? பதிப்புரிமை முடிஞ்சது, மூலம் இணையத்துல கிடைக்கும். ரஷ்ய எழுத்து மொத்தம் 33. உங்களுக்கு நாவல் பூரா புரிய வேண்டாம். நீங்க குறிச்ச இடங்கள்ல ‘தி’யா ‘வி’யான்னு மட்டும் பாக்கணும். உருபு ஏறினா ‘தெப்யா’, ‘தெபே’ன்னும் ‘வாஸ்’, ‘வாம்’னும் மாறும், அதையும் ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கலாம். ரஷ்யன் தெரிஞ்ச ஒருத்தர் சரிபார்த்தா போதும். அதைக் கட்டுரையிலயே வெளிப்படையா சொல்லிடணும்.

செல்வி அத்தை: 33 எழுத்துதானே. 247 எழுத்தை எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

பெரியப்பா: ரஷ்யக் கவிஞர் புஷ்கின் இதைப் பற்றி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார், 1828இல். ‘நீங்கள்’ என்று சொல்லவந்த பெண் வாய் தவறி ‘நீ’ என்று சொல்லிவிடுகிறாள். அவன் உள்ளம் பொங்குகிறது.

அம்மா: இதைப் படிச்சதும் எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு. நான் உங்க தம்பியை ஒரு தடவைகூட ‘நீ’ன்னு சொன்னதில்ல மாமா. சொல்லணும்னு தோணினதும் இல்ல, தோணாமலும் இல்ல.

செல்வி அத்தை: அண்ணி, என் முதல் புத்தகத்து நாயகி நீங்கதான்.

மதன்: அம்மா, நானும் ஒண்ணு பண்ணிப் பாத்தேன். அந்தச் சண்டைக் காட்சியை ஆங்கிலத்துல இருந்து எந்திர மொழிபெயர்ப்புக்குக் கொடுத்தேன். ஒரு வரியில ‘நீங்கள்’, அடுத்த வரியில ‘நீ’, மறுபடி ‘நீங்கள்’. பேசுறது ஒரே ஆள். படம் எடுத்து அனுப்பவா, கட்டுரையில சேத்துக்கிறியா?

கயல்: முழுக்கட்டுரையில ஒரு அடிக்குறிப்பா வரலாம். சுருக்கத்துல வேண்டாம், கவனம் சிதறும். அத்தை, பிரௌன், கில்மன்னு ரெண்டு பேர் 1960ல ‘நீ’, ‘நீங்கள்’ மாதிரியான பிரதிப்பெயர்களைப் பத்தி எழுதின கட்டுரை இருக்கு. ஒருத்தர் ‘நீ’ன்னு சொல்லி எதிராள் ‘நீங்கள்’னு சொன்னா அங்க அதிகாரம் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னா சமநிலை, அதுல நெருக்கமும் உண்டு, விலகலும் உண்டு. உங்க ரெண்டு புத்தகத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்துக்கு அவங்க பேர் வெச்சிருக்காங்க. படிச்சுட்டு ஒத்து வரலைன்னா ஒத்து வரலைன்னே எழுதுங்க.

ஞாயிறு, இரவு 8:25

செல்வி அத்தை: திருத்தி எழுதினது. அண்ணா, பிழை பாருங்க.

செல்வி அத்தை: “ஒரு ரஷ்ய நாவலின் இரு தமிழ் மொழிபெயர்ப்புகளில் ஒரே சண்டைக் காட்சி வருகிறது. ஒன்றில் மனைவி கெஞ்சுகிறாள், மற்றொன்றில் கேள்வி கேட்கிறாள். வசனங்களின் பொருள் மாறவில்லை. மாறியது ‘நீங்கள்’, ‘நீ’ என்ற விளிப்பு மட்டுமே. ரஷ்ய மொழியிலும் தமிழிலும் இருக்கும் இவ்வேறுபாடு, இடையில் நிற்கும் ஆங்கிலத்தில் இல்லை. அப்படியானால் ஆங்கிலம் வழி மொழிபெயர்ப்பவர் அதை எங்கிருந்து மீட்கிறார்? இக்கட்டுரை இரு மொழிபெயர்ப்புகளிலும் தேர்ந்தெடுத்த உரையாடல்களை மூலத்தின் பிரதிப்பெயர்களோடு ஒப்பிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் உறவை அன்றித் தம் காலத்துக் குடும்ப உறவையே பெரிதும் பின்பற்றினார் என்பது இதன் கருதுகோள். ‘வந்தாச்சா’, ‘எழுதணும்’ போன்று முன்னிலையே தோன்றாத தொடர்கள், இரண்டுக்கும் நடுவே தமிழ் தரும் மூன்றாவது வழியாகப் பயன்பட்டிருப்பதையும் காட்ட முயல்கிறது.”

செல்வி அத்தை: திறவுச்சொற்கள்: முன்னிலைப் பெயர், மரியாதைப் பன்மை, இடைமொழி வழி மொழிபெயர்ப்பு, ரஷ்ய நாவல், தவிர்ப்புத் தொடர்.

பெரியப்பா: பிழை எதுவும் இல்லை செல்வி. மூன்று முறை படித்தேன். ‘மூன்றாவது வழி’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

நிலா: அத்தை!! நான் வகுப்புல வாசிச்சுக் காட்டலாமா?

கயல்: மதிப்பீடு முடியட்டும் நிலா. இப்ப வெளிய போனா யார் எழுதினதுன்னு தெரிஞ்சுடும். அத்தை, கோப்புக்குள்ள உங்க பேர் எங்கயும் இல்லையே? கோப்போட பேர்லயும் இருக்கக் கூடாது.

செல்வி அத்தை: ‘செல்வி கட்டுரை’ன்னு வெச்சிருந்தேன். மாத்திட்டேன். படிவத்துல ‘நிறுவனம்’னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போட?

கயல்: ‘தனி ஆய்வாளர்’னு போடுங்க அத்தை.

செல்வி அத்தை: போட்டேன்.

செல்வி அத்தை: அனுப்பிட்டேன். ‘தாங்கள் அனுப்பிய ஆய்வுச்சுருக்கம் கிடைத்தது’ன்னு பதில் வந்திருக்கு.

மதன்: அம்மா, நாளைக்கு அந்த 33 எழுத்தையும் அச்செடுத்துக் கொண்டு வரேன்.

நிலா: அக்கா, நானும் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். பழைய நாவல்கள்ல வர்ற கடிதங்கள்ல விளி எப்படி மாறுதுன்னு. கேள்வி மட்டும்தான் இருக்கு, பதில் இல்ல.

கயல்: கேள்வியை அனுப்பு.

அம்மா: செல்வி, அந்த ரெண்டு புத்தகத்துல ரெண்டாவதை முதல்ல எனக்குக் கொடு. நான் படிக்கணும்.