உதவி: ஈரானின் மெய்மந்த் கிராமம் எங்கே இருக்கிறது, மக்கள்தொகை எவ்வளவு?

கயல்:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்காகக் குகை வீடுகள் பற்றி ஒரு சுவர்ப்படம் தயாரிக்கிறோம். ஈரானின் மெய்மந்த் அதில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த ஊர். ஆனால் ஒரு வரைபடம் கெர்மான் மாகாணத்தைக் காட்டுகிறது, இன்னொன்று ஃபார்ஸ் மாகாணத்தைக் காட்டுகிறது. மக்கள்தொகையும் ஓரிடத்தில் 673, வேறிடத்தில் ஆயிரக்கணக்கில். எதைப் போடுவது?

நிலவன்:
இரண்டும் வேறு வேறு ஊர்கள். ஃபார்ஸில் இருப்பது ஃபிரூசாபாத் பக்கத்தில் உள்ள சிறு நகரம், ரோஜாப் பன்னீருக்குப் பேர்போனது. ஆயிரக்கணக்கு அதனுடையதாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது கெர்மான் மாகாணத்தில், ஷஹ்ரே பாபக் நகருக்கு வடகிழக்கே இருக்கிறது. அகலாங்கு ஏறத்தாழ 30 டிகிரி வடக்கு, நெட்டாங்கு 55 டிகிரி கிழக்கு. நெட்டாங்கு 52, 53 என்று வந்தால் அது ஃபார்ஸ் ஊர். பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள், மாகாணத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ஈரானில் ஹுசைனாபாத், அலியாபாத் என்ற பெயரில் எத்தனை கிராமங்கள் தெரியுமா!

கயல்:
நன்றி, வரைபடம் சரியாகிவிட்டது. அப்போ 673 பேர் குகைகளில் வாழ்கிறார்கள் என்று எழுதலாமா?

யாழினி:
அப்படி மட்டும் எழுதிவிடாதீர்கள். முதலில், 673 என்பது 2006 கணக்கெடுப்பின் எண், 181 குடும்பங்கள். பாரசீகப் பட்டியலில் அந்த ஆண்டு ஈரானிய நாட்காட்டிப்படி 1385 என்று இருக்கும். அப்புறம், பல கிராமங்கள் சேர்ந்த தேஹெஸ்தான் என்ற நிர்வாகப் பிரிவுக்கும் மெய்மந்த் என்றே பெயர். அதன் மொத்தத்தைக் கிராமத்தின் கணக்காக எடுத்துவிடக் கூடாது.

முக்கியமானது இன்னொன்று. மெய்மந்த் மக்கள் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இருப்பவர்கள் இல்லை. ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு வசந்த காலத்தில் மேய்ச்சல் நிலத்துக்குப் போவார்கள், அங்கே தற்காலிகக் குடியிருப்புகள் உண்டு. கோடையில் தோட்டங்கள் இருக்கும் பக்கம் தங்குவார்கள். பனி தொடங்கும்போதுதான் பாறையைக் குடைந்த வீடுகளுக்குத் திரும்புவார்கள். கிச்சே என்று அந்த வீடுகளுக்குப் பெயர். 2006, 2011, 2016 கணக்கெடுப்புகள் மூன்றுமே இலையுதிர் காலத்தில் நடந்தவை. ஆகவே, குளிர்காலத்தில் குகைகளில் எத்தனை பேர் என்று அந்த எண் சொல்லாது. பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. ஒரே குடும்பம் பருவத்துக்கு ஒரு வீட்டில் வாழ்வதுதான் அந்த ஊரின் சிறப்பு, யுனெஸ்கோ பட்டியலில் அது பண்பாட்டு நிலக்காட்சியாக, அதாவது மக்களின் வாழ்க்கைமுறையும் நிலமும் சேர்ந்த இடமாக, இடம்பெற்றதும் அதனால்தான்.

கயல்:
அருமை! இப்படி எழுதியிருக்கிறேன்: “மெய்மந்த், கெர்மான் மாகாணம், ஈரான். 2006 கணக்கெடுப்பில் 673 பேர். குளிர்காலத்தில் பாறை வீடுகளில் தங்கி, மற்ற பருவங்களில் மேய்ச்சல் நிலங்களிலும் தோட்டங்களிலும் வாழும் மக்கள்.” சரியா?

நிலவன்:
சரிதான். பக்கத்தில் சின்னதாக ஈரான் வரைபடம் போட்டு, கெர்மானுக்கு மட்டும் வண்ணம் தீட்டிவிடுங்கள்.

யாழினி:
மேய்ச்சல் நிலம், தோட்டம், குகை மூன்றுக்கும் தனித்தனிப் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. குகைப் படம் ஒன்றை மட்டும் ஒட்டாதீர்கள்.